பழைய இருசில்லு உழவு இயந்திரங்களின் தேய்ந்த பாகங்களை வீட்டுப் பட்டறையிற் கடைந்து கொள்ளுதல்

நெற்செய்கையிற் பருவம் தவறிய உழவு பயன் தருவதில்லை. ஐப்பசி மழையோடு பெரும்போகம் தொடங்கும் பகுதிகளில், வயலைப் பண்படுத்துவதற்குக் கிடைக்கும் நாட்கள் சிலவேயாகும். அந்நாட்களில் ஒரு சிறிய புஷ் தேய்ந்தமையால் உழவு இயந்திரம் கொட்டிலில் முடங்கி நிற்குமாயின், கமக்காரருக்கு ஏற்படும் நட்டம் அப்புஷ்ஷின் விலையிலும் பன்மடங்கு பெரிதாகும்.

இலங்கைப் பொறியியலாளரான ரே விஜேவர்தன (1924–2010) 1950 களில் உருவாக்கிய வடிவமைப்பைத் தழுவி, இங்கிலாந்தில் லாண்ட்மாஸ்டர் என்னும் இருசில்லு உழவு இயந்திரம் செய்யப்பட்டது. வட மாகாணத்திற் பலர் எந்த இருசில்லு இயந்திரத்தையும் இன்றும் அப்பெயராலேயே அழைப்பர். அக்கால இயந்திரங்களுக்குரிய உதிரிப் பாகங்கள் கடைகளிற் கிடைப்பது அரிது. எனினும் ஒரு சிறிய கடைசல் இயந்திரமும் பொறுமையும் உடையவர், அவற்றுட் பலவற்றைத் தாமே செய்து கொள்ளலாம்.

தேய வேண்டிய பாகம் எது?

ஒன்றோடொன்று உராயும் இரு பாகங்களுள் மலிவானதும் எளிதில் மாற்றத் தக்கதுமான பாகமே தேய வேண்டும். விலையுயர்ந்த பாகம் நிலைக்க வேண்டும். தண்டு உருக்கினாலும் புஷ் வெண்கலத்தினாலும் செய்யப்படுவது இதற்காகவேயாகும். புஷ் நெடுநாள் உழைக்க வேண்டுமென எண்ணி அதனை உருக்கிற் கடைவோர் உளர். அவ்வாறு செய்யின், சில போகங்களுள் தண்டே அரிக்கப்பட்டுவிடும். வெண்கலம் கிடையாவிடத்து, மெதுவாக அசையும் நெம்புகோல்களின் புஷ்ஷுக்கு வார்ப்பிரும்பும் ஏற்றதாகும்.

சில இயந்திரங்களிற் சுழல் கலப்பையை இயக்கும் தண்டில் ஒரு மென்னுருக்கு ஆணி இடப்பட்டிருக்கும். கலப்பை வேரிலோ கல்லிலோ சிக்கும்போது இவ்வாணி ஒடிந்து, பற்சில்லுப் பெட்டியைக் காக்கும். அடிக்கடி ஒடிகின்றதெனச் சினந்து அதனிடத்தில் வன்மையான உருக்கு ஆணியை இடுதல் பெருந்தவறாகும். அடுத்த முறை ஒடிவது பற்சில்லாகவே இருக்கும். ஒடிந்த ஆணியின் தடிப்பிலேயே, மென்னுருக்கிலேயே, ஐந்தாறு ஆணிகளைக் கடைந்து கைவசம் வைத்திருத்தல் நன்று.

அளவெடுத்தல்

தேய்ந்த பாகத்தை அளந்து அதே அளவிற் புதியதைச் செய்தால், தேய்வையும் சேர்த்தே செய்தவராவோம். ஆகையால் புஷ் உராயாத ஓரப் பகுதியிலேயே தண்டின் மூல அளவைப் பெறல் வேண்டும். பின்னர் உராயும் பகுதியை, ஒன்றுக்கொன்று குறுக்கான இரு திசைகளில் மைக்ரோமீற்றரினால் அளக்க வேண்டும். இரண்டும் வேறுபடின் தண்டு நீள்வட்டமாகத் தேய்ந்துள்ளது என்பது தெளிவாகும். அத்தகைய தண்டிற்குப் புதிய புஷ் இடுவதாற் பயனில்லை. தண்டையும் மாற்றவோ, சீராகக் கடைந்து அதற்கேற்பச் சிறிய துளையுள்ள புஷ் செய்யவோ வேண்டும்.

பழைய ஆங்கில இயந்திரங்கள் அங்குல அளவில் அமைந்தவை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றராகும். இக்காலத்தில் எளிதிற் கிடைக்கும் 6205 என்னும் இலக்கமுடைய குண்டுப் போதிகையின் துளை 25 மில்லிமீற்றர். அதனை நுழைப்பதற்காக ஓர் அங்குலத் தண்டை அராவிக் குறைத்தால், அத்தண்டிற்கு உரிய போதிகை பின்னர் கிடைத்தாலும் பொருந்தாது. அங்குல அளவிலும் குண்டுப் போதிகைகள் உண்டு. அவற்றைத் தேடிப் பெறுவதே முறையாகும்.

திருகுப் புரிகளை இனங்காணல்

1841 இல் விற்வேத் என்பவர் முன்வைத்த புரியின் கோணம் 55 பாகை. பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகள் 1948 இல் ஏற்றுக்கொண்ட பொதுப் புரியின் கோணமும், மீற்றர் முறைப் புரியின் கோணமும் 60 பாகை. அரை அங்குல விற்வேத் போல்ற்றில் அங்குலத்திற்கு 12 புரிகளும், அதே தடிப்புள்ள பொதுப் பருமன் புரியில் 13 புரிகளும் உள. இவற்றுள் ஒன்றின் சுரையை மற்றொன்றிற் சில சுற்று ஏற்றலாம். வலிந்து முறுக்கினால் வார்ப்பிலுள்ள புரி அழிந்துவிடும். கால் அங்குலத்தில் இவ்விரு வகைக்கும் 20 புரிகளே உள்ளமையால் மயக்கம் மேலும் கூடும். புரிமானியைப் பதித்து, வெளிச்சத்திற் பிடித்து, எண்ணிக்கையோடு கோணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வெட்டத் தொடங்க வேண்டும்.

அங்குல ஈயத்திருகுள்ள கடைசல் இயந்திரத்தில் மீற்றர்ப் புரியைச் சரியாக வெட்ட 127 பற்களுள்ள மாற்றுச் சில்லு தேவை. 25.4 ஐ ஐந்தாற் பெருக்க 127 ஆதலே இதற்குக் காரணமாகும்.

புஷ் கடையும் முறை

1. ஓர் அங்குலத் தண்டிற்குரிய வெண்கலப் புஷ்ஷை எடுத்துக்கொள்வோம். வெண்கலத் துண்டைச் சக்கிற் பிடித்து, முகத்தைச் சமன் செய்து, துளையை முடிவளவினும் ஆயிரத்தில் ஐந்து அங்குலம் குறைவாகக் கடைய வேண்டும்.

2. பிடியை மாற்றாமலே வெளிப்புறத்தையும் கடைய வேண்டும். இடையிற் கழற்றினால் உட்புறமும் வெளிப்புறமும் ஒரே மையத்தில் அமையா. வெளியளவு, புஷ் அமரும் துளையிலும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஓர் அங்குலம் கூடுதலாக இருத்தல் வேண்டும்.

3. நுழைவிளிம்பைச் சிறிது சரித்து, எண்ணெய் பூசி, இடுக்கியினால் நேராக அழுத்தி ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்தலாகாது.

4. அழுத்தி ஏற்றியதும் துளை சற்றுச் சுருங்கும். ஆகையால் இறுதி அளவை அதன் பின்னரே ரீமரினாற் பெற வேண்டும். தண்டிலும் ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு அங்குலம் வரை கூடுதலான துளை போதும்.

5. கிறீஸ் துவாரத்தைப் பழைய இடத்திலேயே துளைத்து, பிசிறுகளை நீக்க வேண்டும்.

வீட்டிற் செய்யத் தகாதவை

வன்மையூட்டப்பட்ட பற்சில்லுகள், நிறுத்துகருவியின் பாகங்கள், பறப்புச் சில்லு, சுழல் கலப்பையின் கத்திகள் ஆகியவற்றை வீட்டுப் பட்டறையிற் செய்தலாகாது. இவை சுழலும்போதோ பாரத்தின்போதோ உடைந்தால் உயிராபத்து நேரலாம்.

பாதுகாப்பு

கடைசல் இயந்திரத்தின் அருகே சாரத்தின் தொங்கலையும் சட்டைக் கையையும் இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். கையுறை அணிதல் ஆகாது. சுழலும் வேலைப்பொருள் அதனைப் பற்றிக் கையையும் இழுத்துவிடும். சக்குத் திறப்பை ஒருபோதும் சக்கில் விட்டு வைத்தலாகாது. கண்ணாடி அணியாமற் கடைதல் கூடாது. சுருளாக வரும் சீவல்களை இயந்திரத்தை நிறுத்திய பின் தூரிகையால் அகற்ற வேண்டும்.

போகம் முடிந்ததும்

இவ்வேலைகளைச் செய்தற்கு உகந்த காலம், அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடைப்பட்ட நாட்களாகும். அப்போது இயந்திரத்தைப் பிரித்து, கழுவி, ஒவ்வொரு தண்டின் அளவையும் ஒவ்வொரு புரியின் வகையையும் ஒரு குறிப்பேட்டிற் பதிந்துகொள்ள வேண்டும். கைநூல் அழிந்துபோன இயந்திரத்திற்கு அக்குறிப்பேடே கைநூலாக உதவும். தேயும் புஷ்ஷிலும் ஒடியும் ஆணியிலும் இரண்டிரண்டு மேலதிகமாகக் கடைந்து, எண்ணெய்த் துணியிற் சுற்றி வைப்போரின் இயந்திரம் முதல் மழைக்கு வயலில் இறங்கும்.