நினைவில்லாமலும் கற்க முடியுமா?

மல்லிகையும் முல்லையும் கலந்து கிடந்தாலும் பூக்கட்டும் அம்மாள் நொடியில் பிரித்துவிடுவார். "எப்படி?" என்று கேட்டால், "பார்த்தாலே தெரியாதா?" என்பார். சமபக்க முக்கோணத்தையோ நாம் விதியை நினைவுக்குக் கொண்டுவந்தே இனங்காண்கிறோம். முன்னது சொல்லத் தெரியாத அறிவு. பின்னது சொல்லத் தெரிந்த அறிவு. இவ்விரண்டுக்கும் மூளையில் வெவ்வேறு பகுதிகள் துணைபுரிகின்றன என்று அறிஞர்கள் கண்ட வரலாறு சுவையானது, சற்றுத் துயரமானதுங்கூட.

அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞர் கடும் வலிப்பு நோயால் அவதியுற்றார். 1953ஆம் ஆண்டு, அவரது 27ஆம் வயதில், மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் பெரும்பாகத்தை அறுவை செய்து அகற்றினர். வலிப்பு தணிந்தது, ஆனால் அன்றுமுதல் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. அவரை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் அம்மையாரையே ஒவ்வொரு முறையும் புதியவராகத்தான் பார்த்தார். எனினும், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். முன்பு வரைந்ததோ நினைவிலில்லை! 2008இல் மறையும்வரை அவர் நிலை இதுவே.

கைப்பழக்கம் சரி; பொருள்களை வகைப்படுத்தும் அறிவும் இப்படி வருமா? 1993இல் பார்பரா நோல்டன், லாரி ஸ்குவயர் என்னும் அறிஞர்கள் இத்தகைய மறதி நோயாளிகளுக்கு ஒரே சாயலுள்ள புள்ளிக்கோலங்கள் பலவற்றைக் காட்டினர். பிறகு, புதிய கோலங்கள் அந்த இனத்தைச் சேர்ந்தவையா என்று கேட்டபோது, நலமுள்ளவர்களைப் போலவே விடையளித்தனர். "முன்பு பார்த்த கோலம் எது?" என்றபோதுதான் தடுமாறினர். காரணம் சொல்லத் தெரியாத தங்கையை, "நீ ஒன்றும் கற்கவில்லை" என்று கடியும் அக்காமார் இதைக் கவனிப்பார்களாக!

1996இல் வந்த ஆராய்ச்சி இன்னும் வியப்பானது. உருவங்கள் வரைந்த சீட்டுகளைக் காட்டி, "மழையா, வெயிலா?" என்று கேட்டனர். சீட்டுகள் எப்போதும் சரியான குறி காட்டா, பெரும்பாலும் காட்டும். ஆகவே விதியை மனப்பாடம் செய்து பயனில்லை. முதல் ஐம்பது தடவைக்குள் மறதி நோயாளிகள் மற்றவர்களுக்கு ஈடாகத் தேறினர். பயிற்சி நடந்த விதம் பற்றிக் கேட்டாலோ விழித்தனர். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயுள்ளவர்களோ நேர்மாறு! பயிற்சி முழுவதும் நினைவிலிருந்தது. விடை மட்டும் தேறவில்லை. அந்நோயில் பழுதாவது ஹிப்போகாம்பஸ் அன்று, மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் சார்ந்த அமைப்பு. பழக்கங்கள் படிவது அதன் துணையாலேயே.

நலமுள்ள நம்மிடம் இரண்டும் உண்டு. நீண்ட பயிற்சியில் மறதி நோயாளிகள் பின்தங்கியதால், நனவு நினைவும் கைகொடுக்கிறது என்று தெரிகிறது. 2001இல் நலமுள்ளவர்கள் இதே சீட்டுகளைக் கற்கையில் அவர்களது மூளையைப் படம்பிடித்தனர். தொடக்கத்தில் ஹிப்போகாம்பஸ் உள்ள பகுதி சுறுசுறுப்பாயிருந்தது. சிறிது நேரத்தில் அது அடங்க, ஸ்ட்ரையேட்டம் பகுதி எழுந்து வேலையை ஏற்றுக்கொண்டது.