கெண்டை இனங்களை அறிந்து ஏரியில் விடுவீர்

ஏரியையோ கண்மாயையோ குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் விவசாயிகள் பலர், 'கெண்டைக் குஞ்சு இத்தனை ஆயிரம்' என்று மொத்தமாகக் கேட்டு வாங்கி விடுகின்றனர். அதில் எந்த இனம் எத்தனை என்று பார்ப்பவர் குறைவு. தவறு வலை இழுக்கும் நாளில்தான் தெரியும். ஒரு விவசாயி அறுவடை செய்தபோது நான் உடனிருந்தேன். வலை நிறைய மிர்கால். கட்லாவை விரல்விட்டு எண்ணிவிடலாம். அடிமட்ட இரைக்குப் போட்டியிட்டு மீன்கள் மெலிந்து கிடந்தன. மேல்மட்ட இரையோ தின்ன ஆளில்லாமல் வீணாயிற்று. குத்தகைப் பணம்கூட முழுதாகத் தேறவில்லை.

ஒரே குடும்பம்

கட்லா (தோப்பா மீன்), ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் இந்தியப் பெருங்கெண்டைகள் எனப்படும். கங்கை போன்ற வடநாட்டு ஆறுகளிலிருந்து நம் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டவை. மூன்றும் சைப்ரினிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. ரோகு லேபியோ பேரினத்தையும், மிர்கால் சிரைனஸ் பேரினத்தையும் சேர்ந்தவை. முன்பு தனிப் பேரினமாக வைக்கப்பட்ட கட்லாவை, ரோகுவுக்கு நெருங்கிய உறவு என்பதால், இப்போது ஆய்வாளர் பலர் லேபியோவிலேயே சேர்க்கின்றனர்.

இக்குடும்ப மீன்களுக்குத் தாடையில் பல் இல்லை, தொண்டையில்தான் உண்டு. இரைப்பையும் கிடையாது. ஆகவே ஒரே வேளையில் நிறைய உண்டு சேமித்துக்கொள்ள முடியாது. தீவனத்தைக் காலை, மாலை எனப் பிரித்து இடச் சொல்வது இதனால்தான்.

வாயே அடையாளம்

மீனின் வாய் அமைப்பே அது எங்கே மேயும் என்பதைச் சொல்லிவிடும்.

கட்லா: தலை பெரியது. வாய் மேல்நோக்கித் திறக்கும். மீசை இல்லை. செவுளில் உள்ள நுண்ணிய முட்களால் நீரை வடிகட்டி, மேல்மட்டத்திலுள்ள விலங்கின நுண்ணுயிர்களை உண்ணும்.

ரோகு: தலை சிறியது. வாய் சற்றுக் கீழ்நோக்கியது. கீழுதட்டில் குஞ்சம் போன்ற விளிம்பு உண்டு. நடுமட்டத்தில் பாசியையும், மட்கும் தாவரப் பொருட்களையும் உண்ணும்.

மிர்கால்: உடல் நீண்டு மெலிந்தது. முகம் மழுங்கியது. உதடு மெல்லியது. அடியில் படியும் மட்குப் பொருட்களை உண்ணும்.

குஞ்சிலேயே கண்டறிய, நான்கைந்து குஞ்சுகளை வெள்ளைப் பீங்கான் தட்டில் நீருடன் விட்டு, வெளிச்சத்தில் பாருங்கள். தலை பெருத்து, வாலடியில் புள்ளி தெளிவாக இல்லாதது கட்லா. வாலடியில் கரும்பட்டை குறுக்கே ஓடினால் ரோகு. மெலிந்த உடலும் வாலடியில் முக்கோணக் கரும்புள்ளியும் இருந்தால் மிர்கால்.

ஏரியில் ஏன் பெருகுவதில்லை?

இம்மூன்றும் ஏறத்தாழ இரண்டாம் ஆண்டில் பருவமடையும். ஆயினும் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. மழைக்கால ஆற்று வெள்ளத்தில்தான் முட்டையிடும். 1957-ஆம் ஆண்டு ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் ஒடிசாவில் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசிமூலம் செலுத்தி, பெருங்கெண்டைகளைப் பண்ணையிலேயே முட்டையிடச் செய்தனர். அந்த வெற்றியின் நினைவாகவே ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. உறவு நெருக்கமானதால் பண்ணைத் தொட்டியில் இரு இனத் தாய் மீன்களைச் சேர்த்துவிட்டால் கலப்பினக் குஞ்சுகள் பிறக்கும். கட்லா-ரோகு கலப்பினத்தின் தலை இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் இருக்கும். கட்லாவின் வேகத்தில் வளராது. இவற்றைத் தாய் மீனாக வைத்தால் அடுத்த தலைமுறையும் கெடும். எனவே இனத்துக்கு உறுதி தரும் பண்ணையிலேயே குஞ்சு வாங்க வேண்டும்.

எந்த இனம் எத்தனை?

தீவனமிட்டுப் பராமரிக்கும் குளத்திற்கு ஏக்கருக்கு 2,000 விரலிகள் விடலாம். 4:3:3 விகிதப்படி கட்லா 800, ரோகு 600, மிர்கால் 600 வரும். மூன்று மட்டத்து இரையும் இவ்வாறு பயனாகும். அரிசித் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் கலந்து தீவனமாக இடலாம். நல்ல பராமரிப்பில் கட்லா ஓராண்டில் ஒரு கிலோவைத் தொடும். மற்ற இரண்டும் சற்றுக் குறையும்.

புது இனம் சேர்ப்பதானால் அது எந்த மட்டத்தில் மேயும் என்று முதலில் பாருங்கள். சாதாக்கெண்டை அடிமட்ட மீன். அதை விட்டால் மிர்காலைக் குறைக்க வேண்டும். வெள்ளிக்கெண்டை மேல்மட்டத்தது, கட்லாவுக்குப் போட்டி. இமாசலப் பிரதேசத்தின் கோவிந்த சாகர் நீர்த்தேக்கத்தில் 1971-இல் தற்செயலாகப் புகுந்த வெள்ளிக்கெண்டை பெருகியது. கட்லா பிடிப்பு சரிந்தது. பரந்த நீர்த்தேக்கத்திலேயே இந்நிலை என்றால் நம் சிறு ஏரி எம்மாத்திரம்?

விரால், கெளுத்தி போன்ற கொன்றுண்ணி மீன்களை நீக்கிய பிறகே குஞ்சு விட வேண்டும். குஞ்சு வாங்கச் செல்லும்போது பணத்துடன் ஒரு வெள்ளைத் தட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே செலவிடும் கால்மணி நேரம், எட்டு மாத உழைப்பைக் காப்பாற்றும்.