லைன் வண்டியா, லோக்கல் வண்டியா? ஹெவி லைசென்ஸ் வாங்கியவர்கள் முதலில் எதில் ஏறலாம்?

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே ஒரு குழப்பம் தொடங்கிவிடும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் என்றால் வீட்டுக்கு வீடு ஆலோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். "லைனுக்குப் போ தம்பி, நாலு காசு நிக்கும்" என்பார் ஒருவர். "பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு மாசக்கணக்குல அலையாத, இங்கேயே டிப்பர் ஓட்டு" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் சொல்வது அவரவர் அனுபவம். புதிதாக ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

மும்பை, டெல்லி, கொல்கத்தா என்று மாநிலம் தாண்டிப் போகும் லைன் வண்டி வேலைக்கும், ஊருக்குள்ளும் பக்கத்து மாவட்டங்களிலும் ஓடும் லோக்கல் வேலைக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? வருமானம், தூக்கம், பாதுகாப்பு, சட்டம் என ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் உங்கள் லைசென்ஸ் எதற்குச் செல்லும்?

போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு முன் குறைந்தது ஓராண்டு இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு போக்குவரத்து வாகன லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். கேஸ், பெட்ரோல், ஆசிட் போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டி என்றால் தனிப் பயிற்சிச் சான்று வேண்டும். அந்த அனுமதி 3 ஆண்டுதான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை சாதாரண இலகுரக லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. குட்டி யானை, பிக்கப் போன்றவை இதற்குள் வந்துவிடும். ஆக, ஹெவி லைசென்ஸுக்குக் காத்திருக்கும் காலத்திலேயே சரக்கு வண்டி ஓட்டிப் பழக வழி இருக்கிறது.

வருமானம்: கணக்கு எங்கே மாறுகிறது?

லைன் வண்டியில் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. டிரிப்புக்கு இவ்வளவு, அல்லது வாடகையில் இத்தனை சதவீதம், அதோடு பேட்டா. சில ஓனர்கள் டீசலில் நல்ல மைலேஜ் காட்டினால் தனியாகக் கொடுப்பார்கள். லோக்கலில் மாதச் சம்பளமும் உண்டு, டிரிப் கணக்கும் உண்டு.

கேட்கும்போது லைன் தொகை பெரிதாகத்தான் தெரியும். ஆனால் ஒரு டிரிப்புக்கு எவ்வளவு என்பதோடு, அந்த டிரிப் எத்தனை நாள் இழுக்கும் என்பதையும் கேட்க வேண்டும். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். இது சந்தை நிலவரம் இல்லை. மும்பை போய்த் திரும்ப உங்களுக்கு 10,000 ரூபாய். 8 நாளில் திரும்பினால் மாதத்துக்கு 37,500 வரும். ரிட்டன் லோடு கிடைக்காமல் அங்கே 4 நாள் படுத்துவிட்டால் டிரிப் 12 நாள் ஆகும். மாத வருமானம் 25,000 ஆகிவிடும். வெளியூர் சாப்பாடு, குளியல், டீ என்று நாளுக்கு 400 ரூபாய் சொந்தக் கையிலிருந்து போனால் மாதம் 12,000. மிஞ்சுவது முதல் கணக்கில் 25,500, இரண்டாவதில் 13,000.

அதே ஆள் லோக்கலில் 20,000 ரூபாய் மாதச் சம்பளத்துக்குப் போகிறார், வீட்டுச் சாப்பாடு, டீக்கும் பஸ்ஸுக்கும் நாளுக்கு 100 ரூபாய், 26 நாள் வேலை என்றால் கையில் 17,400 நிற்கும். லைன் வண்டியின் லாப நஷ்டம் ஓட்டுகிற நேரத்தை விட, நிற்கிற நேரத்தில்தான் தீர்மானமாகிறது. அதனால் ஓனரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ரிட்டன் லோடு யார் பிடிப்பாங்க, ஹால்டிங் ஆனா பேட்டா உண்டா?" என்பதுதான். சாப்பாட்டுப் படி தனியாகத் தருகிறவர், நிரந்தரப் பார்ட்டி வைத்திருக்கிறவர் என்றால் லைன் நிச்சயம் மேல்.

இன்னொன்று, வழிச் செலவு. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு டோல் காசு டிரைவர் கையில் புழங்குவதில்லை. ஆனால் ஏற்று, இறக்குக் கூலி, பார்க்கிங், பஞ்சர், வழியில் கேட்கப்படும் 'மாமூல்' எல்லாம் இன்னும் டிரைவர் பையிலிருந்துதான் முதலில் போகிறது. ரசீது இல்லாத செலவை ஓனர் ஏற்பாரா என்பதை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். திரும்பி வந்து பேசினால் சண்டைதான்.

லோக்கல் என்றால் சாயங்காலம் வீடா?

இது ஒரு பெரிய தவறான நம்பிக்கை. சென்னை, தூத்துக்குடி துறைமுக டிரெய்லர் ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். தூரம் 20 கிலோமீட்டர்தான் இருக்கும், கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்பது அதை விடப் பெரிய பயணம். நகரத்துக்குள் பகலில் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால் ரெடிமிக்ஸ், கட்டுமானப் பொருள், பார்சல் வண்டிகளில் பாதி வேலை ராத்திரியில்தான்.

லோக்கலிலும் இரண்டு வகை. பால், கேஸ் சிலிண்டர், கம்பெனி சரக்கு, பார்சல் சர்வீஸ் என்று நேரம் ஓரளவு நிலையாக இருக்கும் வேலைகள் ஒரு வகை. எம்-சாண்ட் டிப்பர், தண்ணி லாரி மாதிரி நடைக் கணக்கில் ஓடுபவை இன்னொரு வகை. நடைக் கணக்கு என்றாலே அவசரம் உள்ளே வந்துவிடும். ஒரு நடை கூட ஓட்டினால் காசு என்கிறபோது கால் தானாக ஆக்ஸிலேட்டரை அமுக்கும். அதுவும் பள்ளிக்கூடம், சந்தை, இருசக்கர வாகன நெரிசல் உள்ள தெருக்களில். புதிய டிரைவருக்கு நான் தயங்காமல் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடியது இந்த இரண்டாவது வகையைத்தான்.

அதில் ஓவர்லோடு பிரச்சினையும் சேர்ந்து வரும். கூடுதல் எடைக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்பது 2019 திருத்தத்தில் வந்த அபராதம். அதை ஓனர் கட்டிவிடுவார். ஆனால் ஓவர்லோடுக்கு லைசென்ஸை 3 மாதம் சஸ்பெண்ட் செய்யவும் வழி இருக்கிறது. அந்த 3 மாதச் சோறு யார் போடுவார்?

அதே சமயம் லோக்கல் கற்றுக்கொடுப்பதை ஹைவே கற்றுக்கொடுக்காது. சந்துக்குள் ரிவர்ஸ் எடுப்பது, கண்ணாடியை மட்டும் நம்பித் திருப்புவது, நெரிசலில் பின் டயர் எங்கே போகிறது என்று உணர்வது எல்லாம் ஒரு வருட லோக்கலில் கைக்கு வந்துவிடும். உரசல், கீறல் நடக்கத்தான் செய்யும். அதைச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று கேட்டு வைப்பது நல்லது.

லைனில் ஆளைக் கொல்லும் இரண்டு விஷயங்கள்

ஒன்று தூக்கம். பின்னிரவு 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு தானாகவே தூங்கப் பார்க்கும். டீ, பாட்டு, வெற்றிலை எதுவும் அதை நிறுத்தாது; தள்ளிப்போடும், அவ்வளவுதான். சில டோல்கேட்டுகளில் போலீஸார் ராத்திரி வண்டியை நிறுத்தி முகம் கழுவச் சொல்லி டீ கொடுத்து அனுப்புவது இதனால்தான். 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொலைதூரம் என்றால் அதிகபட்சம் 10 மணி நேரம், 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று வரையறுத்தது. ரோட்டில் அதை யார் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.

நேஷனல் பெர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் கட்டாயம் என்று இருந்த விதி 2018-ல் தளர்த்தப்பட்டது. அதற்குப் பிறகு பல வண்டிகள் ஒற்றை டிரைவரோடுதான் ஓடுகின்றன, கிளீனரும் இல்லாமல். முதல் முறை மும்பை போகிறவர் அப்படி ஒரு வண்டியில் ஏறுவது சரியில்லை என்பது என் கருத்து.

"பில் டைம் முடியப்போகுது, நிறுத்தாம வா" என்று போன் வரும். இதை நம்புவதற்கு முன் ஒரு கணக்கு. சாதாரணச் சரக்குக்கு இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லும். சங்ககிரியிலிருந்து மும்பை சுமார் 1,200 கிலோமீட்டர் என்றால் 6 நாள் இருக்கிறது. முடியும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் அதை நீட்டிக்கவும் முடியும். ஆக, அவசரம் பெரும்பாலும் பார்ட்டிக்கும் ஓனருக்கும்தான். காய்கறி, மீன், முட்டை மாதிரி கெட்டுப்போகும் சரக்கு மட்டும் விதிவிலக்கு.

இரண்டாவது, மலைச்சாலை இறக்கம். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் ஏன் இவ்வளவு பேர் போனது? டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும் ஒரு காரணம். கியரில் இல்லாத வண்டியை முழுக்க முழுக்க பிரேக்தான் பிடித்து நிறுத்த வேண்டும். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி, லைனிங் வழுக்கி, கடைசியில் மிதித்தும் பயன் இருக்காது. ஏர் பிரஷரும் இறங்கிக்கொண்டே போகும். வேடிக்கை என்னவென்றால், இப்போதைய எலக்ட்ரானிக் இன்ஜின்களில் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் எரியும். உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பது பூஜ்யத்துக்கும் கீழே. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பெரிய டிரைவர்கள் சொல்வது சும்மா இல்லை.

வெளிமாநிலத்தில் விபத்து நடந்தால்?

இந்தப் பயம்தான் பலரை லைனுக்குப் போகவிடாமல் தடுக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு, அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது. கூட்டம் தாக்க வரும் நிலை இருந்தால் விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் போலீஸுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். வண்டியை விட்டு இறங்கி ஓடினாலும் பக்கத்து ஸ்டேஷனுக்கோ 112-க்கோ சொல்லிவிடுங்கள். தகவல் சொல்லாமல் தப்பினால் 10 ஆண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்துத்தான் 2024 ஜனவரியில் வடமாநிலங்களில் லாரிகள் நின்றன. 2024 ஜூலை 1-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

உங்களுக்கே அடிபட்டால்? வேலையில் இருக்கும் டிரைவருக்கு சட்டப்படி இழப்பீட்டு உரிமை உண்டு. வண்டி இன்சூரன்ஸிலும் சம்பள டிரைவருக்கான பொறுப்பு அடங்கும். சிக்கல், நீங்கள் அந்த வண்டி டிரைவர்தான் என்று நிரூபிப்பதில் வரும். சம்பளம் ரொக்கமாக, பேச்சுவார்த்தையாக மட்டும் இருந்தால் குடும்பம்தான் அலையும். டிரிப் அட்வான்ஸை ஜிபே-யில் வாங்குங்கள், ஓனர் அனுப்பும் லோடு விவரத்தை அழிக்காமல் வையுங்கள். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்துவிடுங்கள். லோக்கலோ லைனோ, இது இருவருக்கும்.

நடுவில் ஒரு வழி

இரண்டில் ஒன்று என்று மட்டும் நினைக்க வேண்டியதில்லை. நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை ஏற்றும் வண்டிகள் மாதிரி ராத்திரி கிளம்பி மறுநாளோ அடுத்த நாளோ திரும்பும் 'குட்டி லைன்' இருக்கிறது. பெங்களூரு, கொச்சி, சென்னை என்று 200 முதல் 500 கிலோமீட்டர் ஓட்டம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டில் தூங்கலாம். மலைப்பாதை, ராத்திரி ஓட்டம், பேப்பர் வேலை எல்லாம் பழகும். மொழிப் பிரச்சினையும் அதிகம் இல்லை.

கல்யாணம் ஆகாதவர், கடன் இருக்கிறது, உடம்பு தாங்கும் என்றால்: சீனியர் டிரைவரோடு இரண்டாவது ஆளாக லைனில் ஏறலாம். நாலு டிரிப்பில் எந்த டாபாவில் வண்டி நிறுத்தினால் டீசல் திருடு போகாது என்பது வரை தெரிந்துவிடும். சின்னக் குழந்தை, வயதான பெற்றோர் வீட்டில் இருந்தால் மாதச் சம்பள லோக்கல். சர்க்கரை நோய் இருந்து, வேளாவேளைக்கு சாப்பாடும் மாத்திரையும் வேண்டும் என்பவர்களுக்கு லைன் ஒத்துவராது, மறைத்துக்கொண்டு போகாதீர்கள்.

வண்டியையும் பாருங்கள். 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரான 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். மே மாதத்தில் நாக்பூர் வெயிலில் போகப் போகிறீர்கள் என்றால் அது ஆடம்பரம் கிடையாது. பழைய வண்டி என்றால் டயர், பிரேக், எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதி நான்கையும் நீங்களே பார்த்துவிட்டு சாவியை வாங்குங்கள். "அதெல்லாம் சரியா இருக்கு தம்பி, எடுத்துட்டுக் கெளம்பு" என்று ஓனர் அவசரப்படுத்தினால், அந்த வண்டியில் ஏறலாமா என்று இன்னொரு முறை யோசிக்கலாம்.