கேமராவைத் தொடும் முன் ஒரு நோட்டு, ஒரு பென்சில்

முதலில் என் சொதப்பலைச் சொல்லிவிடுகிறேன். 2017-ல் நான் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி விழாவுக்காக ஐந்து நிமிட டாக்குமெண்டரி ஒன்று எடுக்க வேண்டும். கும்பகோணத்தில் என் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். நாற்பது வருடத்துக்கும் மேலாக அதே தொழில். இதைவிட நல்ல சப்ஜெக்ட் கிடைக்குமா? நண்பனிடம் டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் ட்ரைபாடும் இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

கடை வாசலில் ட்ரைபாடை நிறுத்தினேன். தாத்தா, அவருடைய மேஜை, பின்னால் அலமாரி என எல்லாம் ஃப்ரேமுக்குள் அழகாக வந்தன. ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். இரண்டு நாளில் 1 மணி 40 நிமிடம் எடுத்தாகிவிட்டது. ஏகப்பட்டது இருக்கிறது என்ற நினைப்பில் ஊருக்குத் திரும்பினேன்.

ஹாஸ்டலில் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 1 மணி 40 நிமிடமும் ஒரே ஷாட். ஒரே தூரம், ஒரே உயரம், ஒரே கோணம். எங்கே வெட்டி எங்கே ஒட்டினாலும் தாத்தா உட்கார்ந்த இடத்திலேயே 'துள்ளினார்'. அதைவிட மோசம், மேஜை விளிம்பில் ஒரு பெரிய வால்வு ரேடியோ இருந்தது. அது அவர் கைகளை முழுவதுமாக மறைத்துவிட்டது. சால்டரிங் அயர்னிலிருந்து புகை மட்டும் மேலே வருகிறது. வேலை செய்யும் கை ஒரு இடத்தில்கூட இல்லை. அடுத்த லீவில் போய் கையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஃபைல்களை ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்தேன். 2018 பிப்ரவரியில் தாத்தா இறந்துவிட்டார்.

சென்ற ஆண்டு என் சித்தி மகளிடமிருந்து போன். திருச்சியில் விஸ்காம் முதல் ஆண்டு படிக்கிறாள். "அண்ணா, நாலு நிமிஷ வீடியோ ப்ராஜெக்ட். தொழில் செய்யற ஒருத்தரைப் பத்தி எடுக்கணும். எந்த கேமரா வாங்கலாம்?" என்றாள். கேமராவே வேண்டாம், உன் போன் போதும். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து வை என்றேன். அன்று அவளுக்குச் சொன்னதையும், அவளுடன் சேர்ந்து நான் கற்றுக்கொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

ஷாட் என்றால் என்ன?

ரெக்கார்ட் பட்டனை அழுத்தியதிலிருந்து நிறுத்தும் வரை எடுப்பது ஒரு ஷாட். அவ்வளவுதான். எத்தனை வகை என்று புத்தகங்களில் பெரிய பட்டியலே இருக்கும். மாணவர் ப்ராஜெக்ட்டுக்கு மூன்று தெரிந்தால் வண்டி ஓடிவிடும். இடத்தையும் ஆளையும் சேர்த்துக் காட்டுவது 'லாங் ஷாட்'. இடுப்புக்கு மேலே காட்டுவது 'மிட் ஷாட்'. முகம், கை, கருவி என ஒன்றை மட்டும் ஃப்ரேம் நிறையக் காட்டுவது 'க்ளோஸ்-அப்'.

பெயரை மனப்பாடம் செய்வதில் பயன் இல்லை. ஒவ்வொன்றும் பார்ப்பவரின் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இது எந்த இடம் என்பதற்கு லாங் ஷாட். யார், என்ன செய்கிறார் என்பதற்கு மிட் ஷாட். எப்படிச் செய்கிறார் என்பதற்கு க்ளோஸ்-அப். என் தாத்தா படத்தில் முதல் கேள்விக்கு மட்டும் 1 மணி 40 நிமிடம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்!

தங்கை தேர்ந்தெடுத்தது அவள் ஹாஸ்டல் தெருமுனையில் இருந்த சைக்கிள் பஞ்சர் கடை. நல்ல தேர்வு. பஞ்சர் ஒட்டுவதில் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் தானாகவே இருக்கின்றன. சைக்கிள் தள்ளிக்கொண்டு வருகிறது, ஓடிக்கொண்டு போகிறது. கதை வேறு தேட வேண்டியதில்லை.

நோட்டில் கட்டம் போடுங்கள்

'பதேர் பாஞ்சாலி' (1955) எடுத்தபோது சத்யஜித் ராய் விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான திரைக்கதைப் பிரதி எழுதாமல், காட்சிகளைப் படமாகவே ஒரு நோட்டில் வரைந்து வைத்திருந்தார். இதைத்தான் 'ஸ்டோரிபோர்டு' என்கிறார்கள். நமக்கு ராய் போல வரைய வராது. வரையவும் வேண்டாம். 8 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரத்துக்கு ஒரு கட்டம். இது 16:9 அளவு, உங்கள் டி.வி. திரையின் அதே விகிதம். அதற்குள் குச்சி மனிதன் போதும். தலை எங்கே, கை எங்கே, எதை வெட்டுகிறோம் என்று தெரிந்தால் சரி.

தங்கையை ஒருநாள் மாலை கேமரா இல்லாமல் கடைக்குப் போய் அரை மணி நேரம் சும்மா பார்க்கச் சொன்னேன். பார்த்ததை வரிசையாக எழுதினாள். டயரை லீவரால் நெம்புகிறார். டியூபை உருவுகிறார். காற்று அடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்குகிறார். குமிழி வருகிறது. ஓட்டை இருக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்க்கிறார். சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து, பேட்ச் ஒட்டித் தட்டுகிறார். இந்த வரிசையிலேயே ஷாட்டுகள் ஒளிந்திருக்கின்றன. தண்ணீரில் குமிழி வருவதை லாங் ஷாட்டில் எடுத்தால் தெரியுமா? தெரியாது. ஆக அது க்ளோஸ்-அப். குமிழியைப் பார்க்கும் அவர் முகம் இன்னொரு க்ளோஸ்-அப். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், கண்டுபிடித்துவிட்டார் என்று யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு எக்ஸெலில் ஒரு ஷீட். ஷாட் எண், என்ன நடக்கிறது, ஷாட் அளவு, கேமரா எங்கே, எத்தனை விநாடி, ஒலி, கடைசியாக 'எடுத்தாச்சா' என்று ஒரு காலம். இதுதான் 'ஷாட் லிஸ்ட்'. பிரின்ட் எடுத்து அட்டையில் செருகிக்கொள்ளுங்கள். ஸ்பாட்டில் போன் கேமராவாகிவிடும். அதில் ஷீட்டைத் திறந்து பார்க்க முடியாது.

கணக்கு உதைத்தது

நான்கு நிமிடம் என்றால் 240 விநாடி. ஒரு ஷாட் திரையில் சராசரியாக 6 விநாடி என்று வைத்தால் 40 ஷாட் வேண்டும். கடைக்காரர் காலை 7 மணியிலிருந்து 9 மணி வரைதான் நேரம் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். 120 நிமிடத்தில் 40 ஷாட் என்றால் ஒன்றுக்கு மூன்று நிமிடம். இடம் மாற்றுவது, ஃபோகஸ் பார்ப்பது, யாராவது குறுக்கே வந்தால் மறுபடி எடுப்பது எல்லாம் அதற்குள்ளேயே. நடக்காத காரியம். உட்கார்ந்து 26 ஷாட்டாகக் குறைத்தோம். அவர் பேசும் இரண்டு ஷாட்டை மட்டும் நீளமாக வைத்தோம்.

குறைக்கும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்டோம்: இது திரும்பக் கிடைக்குமா? கடை போர்டை நாளைக்கும் எடுக்கலாம். குமிழி வரும் நேரம் போனால் போனதுதான். திரும்பக் கிடைக்காததற்கெல்லாம் பக்கத்தில் நட்சத்திரம் போட்டோம். இதிலும் ராய் பட்டபாடு உண்டு. 1952-ல் நாணல் பூத்த வெளியில் முதல் நாள் படப்பிடிப்பு நடத்திவிட்டு, அடுத்த வாரம் மீதியை எடுக்கப் போயிருக்கிறார். அதற்குள் பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டன. மீதியை எடுக்க அடுத்த பூப்பருவம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கோட்டைத் தாண்டாதீர்கள்

கடைக்காரரும் வாடிக்கையாளரும் எதிரெதிரே நின்று பேசுகிறார்கள். இருவருக்கும் நடுவே தரையில் ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா எப்போதும் அந்தக் கோட்டின் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஒரு ஷாட்டை ரோட்டுப் பக்கமிருந்தும் அடுத்ததைக் கடைக்குள்ளிருந்தும் எடுத்தால், இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவது போல் ஆகிவிடும். இதற்கு '180 டிகிரி விதி' என்று பெயர்.

தாத்தா துள்ளினாரே, அதற்கும் காரணம் உண்டு. ஒரே ஆளைக் காட்டும் இரண்டு ஷாட்டை ஒட்டும்போது அளவு மாற வேண்டும், அல்லது கேமரா குறைந்தது 30 டிகிரியாவது நகர்ந்திருக்க வேண்டும். இரண்டும் மாறாவிட்டால் படம் எகிறும். மிட் ஷாட்டிலிருந்து கைக்குத் தாவினால் எகிறாது. கை ஷாட் இருந்தால் எந்த இடத்தையும் வெட்டி ஒட்டலாம். எனக்கு அது இல்லாமல் போனது இரட்டை நஷ்டம்.

போனில் என்னென்ன மாற்ற வேண்டும்?

முதலில் ஏரோப்ளேன் மோடு. நடுவில் போன் வந்தால் ஷாட் போச்சு. போனைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். டிஜிட்டல் ஜூம் வேண்டாம். அது படத்தைப் பெரிதாக்கிக் கெடுக்கிறது. நீங்களே இரண்டடி முன்னால் போங்கள். பெரும்பாலான போன்களில் திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் 'லாக்' ஆகும். இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நடந்து போனாலே படம் இருண்டு வெளுக்கும்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்.ஈ.டி. பல்பும் விநாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது; கேமராவுக்குத் தெரியும். படத்தில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்றும், ஃப்ரேம் ரேட்டை 25 என்றும் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். போனிலேயே இந்த வசதி இல்லாவிட்டால் 'ஓப்பன் கேமரா', 'பிளாக்மேஜிக் கேமரா' போன்ற இலவச ஆப்களில் தேடிப் பாருங்கள். எல்லாப் போனிலும் எல்லா வசதியும் வராது.

இடம் எவ்வளவு வேண்டும்? 1080p வீடியோ விநாடிக்கு 17 மெகாபிட் என்று பதிவானால், எட்டால் வகுத்து அறுபதால் பெருக்க, நிமிடத்துக்குச் சுமார் 130 எம்.பி. அரை மணி நேரத்துக்கு 4 ஜி.பி.யை நெருங்கும். 4கே வைத்தால் இதைப் போல் பல மடங்கு ஆகலாம். முதல் ப்ராஜெக்ட்டுக்கு 1080p தாராளம்.

ஒலிக்குத் தங்கை செய்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. தோழியின் போனை வாய்ஸ் ரெக்கார்டரில் போட்டுக் கடைக்காரரின் சட்டைப் பையில் வைத்துவிட்டாள். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால், எடிட்டிங்கில் அந்தச் சத்தத்தை வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம். யாரும் பேசாமல் கடைச் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டின இடங்களில் அடியில் ஓடவிட உதவும்.

அன்று காலை நடந்தது

7:10-க்கு முதல் பஞ்சர் வந்தது. அதை லாங், மிட் ஷாட்டுகளில் எடுத்தாள். க்ளோஸ்-அப்புகளை இரண்டாவது பஞ்சரில் எடுப்பது என்று திட்டம். டாக்குமெண்டரி எடுப்பவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். ஒரே வேலை திரும்பத் திரும்ப நடக்கும்போது ஆளைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. ஆனால் இரண்டாவதாக வந்தது குழந்தை சைக்கிள். ரிம் இளஞ்சிவப்பு! முதல் சைக்கிளோ கறுப்பு. நல்லவேளையாக டியூப் எல்லாம் ஒரே கறுப்பு. ரிம் தெரியாமல் நெருங்கி எடுத்த ஷாட்டுகள் மட்டும் தேறின. 26-ல் 21 கிடைத்தன. நட்சத்திரம் போட்டது ஒன்றும் விடுபடவில்லை. மொத்தம் 24 நிமிடப் பதிவு.

எடிட்டிங்குக்கு அந்தக் காலத்தில் நான் பயன்படுத்திய மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. இப்போது இலவசமாக 'ஷாட்கட்', 'கே-டென்லைவ்' இருக்கின்றன. 'டாவின்சி ரிசால்வ்' இலவசப் பதிப்பு இன்னும் பெரியது. ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் மூச்சு வாங்கும். போனில் எடுத்த வீடியோ பலவற்றில் ஃப்ரேம் ரேட் சீராக இருக்காது. அதனால் போகப்போக உதடும் ஒலியும் விலகும். 'ஹேண்ட்பிரேக்' மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' என்பதைத் தேர்வு செய்து மாற்றிக்கொண்டு பிறகு எடிட் செய்யுங்கள்.

ப்ராஜெக்ட் முடிந்த பிறகு தங்கை தாத்தா ஃபைல்களைக் கேட்டாள். அவளுக்கும் அவர் தாத்தாதானே! இருவரும் உட்கார்ந்து 1 மணி 40 நிமிடத்தையும் பார்த்தோம். ஒலி நன்றாகவே இருந்தது. தாத்தா பேசுவது, ஸ்டேஷன் தேடும்போது வரும் கீச்சொலி எல்லாம் தெளிவு. அவருடைய டூல்ஸ் பெட்டியும் ஒரு ரேடியோவும் சித்தி வீட்டில் இருக்கின்றன. அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து க்ளோஸ்-அப் எடுத்தோம். ஒரு ஷாட்டில் நான் சால்டரிங் அயர்னைப் பிடித்தேன். சித்தி பார்த்துவிட்டு, "இது அப்பா கை இல்லடா" என்றார். அந்த ஷாட்டை நீக்கிவிட்டோம். டூல்ஸ், டயல், முள், அடியில் தாத்தாவின் குரல். மொத்தம் 2 நிமிடம் 10 விநாடி.

பாட்டிக்குப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். டி.வி.யில் செருகிப் போட்டபோது, சவுண்டைக் கூட்டச் சொன்னார். இன்னொரு காப்பி ஹார்டு டிஸ்க்கில், மூன்றாவது தங்கையிடம். வெட்டாத பழைய ஃபைல்களையும் அழிக்கவில்லை.