மாட்டு வண்டி ஓட்டிய கம்ப்யூட்டர்!

வகுப்பில் விளையாடினால் வாத்தியார் காதைத் திருகுவார். வாத்தியாரே விளையாட்டைக் கொண்டு வந்தால்?

அமெரிக்காவில், மினியாபொலிஸ் நகரில், 1971-ம் ஆண்டு அப்படித்தான் நடந்தது. டான் ராவிட்ச் என்ற வாலிபர் அங்கு பயிற்சி ஆசிரியர். 8-ம் வகுப்புக்குச் சரித்திரப் பாடம். ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு, 2 ஆயிரம் மைல் கடந்து, ஒரிகன் பகுதியில் குடியேறிய கதையை அவர் நடத்த வேண்டும்.

நண்பர்கள் பில் ஹைன்மன், பால் டில்லன்பர்கர் உதவினார்கள். இரண்டே வாரத்தில் "ஒரிகன் டிரெயில்" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு தயார்!

பட்டினியும் சாவும்

திரை கிடையாது. டெலிபோன் கம்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைத்த தட்டச்சு எந்திரம்தான்.

"சாப்பாட்டுக்கு எவ்வளவு பணம்? துணிக்கு எவ்வளவு?" என்று அது காகிதத்தில் அடித்துக் கேட்கும். வேட்டையாட, "பேங்" என்று பிள்ளைகள் அடிக்க வேண்டும். சட்டென்று அடித்தால் இறைச்சி. தாமதித்தால் பட்டினி! வேகமாகத் தட்டச்சு அடிக்கும் பிள்ளைக்கு ஏக மரியாதை.

துணியில் கஞ்சத்தனம் செய்தவர்கள் குளிரில் நோயாகிச் செத்தார்கள். புத்தகத்தில் ஒரு வரியோடு போகிற சாவு, இங்கே தங்கள் கணக்கால் வந்தது!

காகிதம் காத்தது

பள்ளிப் பருவம் முடிந்ததும், ராவிட்ச் விளையாட்டைக் கம்ப்யூட்டரில் இருந்து அழித்து விட்டார். நல்ல வேளை, அச்சடித்த காகிதம் இருந்தது. 1974-ல் மினசோட்டா கல்விக் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், அதைப் பார்த்து மீண்டும் வரி வரியாக அடித்தார்.

பிறகு, அந்தக் காலப் பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்தார். நோயும் புயலும் அவர்களை எவ்வளவு வாட்டினவோ, அதே அளவுக்கு விளையாட்டிலும் வாட்டும்படி திருத்தினார்.