சிறை அதிகாரியாகப் பணியாற்றலாமா?

எதிர்காலத்தில் என்ன வேலைக்குச் செல்ல விரும்புகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டால், மருத்துவர், ஆசிரியர், பொறியாளர், காவல்துறை அதிகாரி எனப் பல பதில்கள் வரும். சிறை அதிகாரி என்று சொல்பவர் மிகச் சிலரே. அதில் வியப்பில்லை. காவல்துறையினரைச் சாலையில் காண்கிறோம். தீயணைப்பாளர்களை நம் புளோக்கின் கீழேயே காண்கிறோம். ஆனால், சிறை அதிகாரிகள் உயர்ந்த மதில்களுக்குப் பின்னால் பணிபுரிகிறார்கள். அவர்கள் செய்வது என்ன என்பது பலருக்கும் தெரியாது. திரைப்படங்களில் வரும் முரட்டுக் காவலரே நம் நினைவுக்கு வருகிறார்.

உண்மையில், இன்றைய சிறை அதிகாரியின் பணி அதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. சிங்கப்பூரில் அந்தப் பணி எப்படிப்பட்டது, அதற்கு எத்தகையவர்கள் தேவை என்பதை இப்பகுதியில் காண்போம்.

பணியின் இரு பக்கங்கள்

சிங்கப்பூர்ச் சிறைத்துறை, உள்துறை அமைச்சின் கீழ் இயங்குகிறது. அதன் பெரும்பாலான சிறைகள் சாங்கி வட்டாரத்தில் அமைந்துள்ளன. நீதிமன்றம் ஒருவருக்குச் சிறைத்தண்டனை விதித்த பிறகு, அவர் சிறைத்துறையின் பொறுப்பில் ஒப்படைக்கப்படுகிறார். அன்று முதல் அவரைப் பாதுகாப்பாக வைத்திருப்பது சிறை அதிகாரியின் முதற்கடமை.

'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு இங்குப் பல பொருள்கள் உண்டு. கைதிகள் தப்பிச் செல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கைதி இன்னொரு கைதியைத் தாக்காமல் காக்க வேண்டும். மனமுடைந்த கைதி தமக்கே தீங்கு விளைவித்துக்கொள்ளாமல் கவனிக்க வேண்டும். இவற்றுக்காக அதிகாரிகள் ஒரு நாளில் பலமுறை கைதிகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்கிறார்கள், அறைகளைச் சோதனையிடுகிறார்கள், கைதிகளை நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்கிறார்கள். சிறைக்கு இரவு பகல் கிடையாது. எனவே, அதிகாரிகள் பலர் முறை மாற்றிப் பணியாற்றுகிறார்கள். தீபாவளி அன்றும் சீனப் புத்தாண்டு அன்றும் யாராவது பணியில் இருந்தே ஆக வேண்டும்.

இது பணியின் ஒரு பக்கம். மறுபக்கம் மறுவாழ்வுப் பணி. சிறைக்கு வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருநாள் வெளியே செல்லப் போகிறவர்கள். அவர்கள் நம் அண்டைவீட்டாராக, சக ஊழியர்களாக, நாம் ஏறும் பேருந்தில் பயணம் செய்பவர்களாகத் திரும்பி வருவார்கள். வரும்போது திருந்தியவர்களாக வருவார்களா, மீண்டும் பழைய வழிக்கே செல்வார்களா என்பது சிறையில் அவர்கள் கழித்த காலத்தையும் ஓரளவு பொறுத்திருக்கிறது. கைதியுடன் நாள்தோறும் பேசுவதும், அவருடைய போக்கைக் கவனிப்பதும், அவருக்கு ஏற்ற கல்வி அல்லது பயிற்சிக்குப் பரிந்துரைப்பதும் அதிகாரியின் கடமைகளே.

வரலாறு கற்பிக்கும் பாடங்கள்

இந்த இரு பக்கங்களையும் சமநிலையில் வைத்திருப்பது எளிதன்று. சிங்கப்பூரின் வரலாறே அதற்குச் சான்று.

1825ஆம் ஆண்டில் இந்தியக் கைதிகள் சுமத்ராவிலுள்ள பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். பின்னர் சென்னை, வங்காளம், பம்பாய் மாநிலங்களிலிருந்தும் கைதிகள் வந்தனர். அவர்களைக் காவல் காக்கப் போதிய ஆட்கள் இல்லை. ஆகவே, நன்னடத்தை உடைய கைதிகளையே மற்றக் கைதிகளுக்கு மேற்பார்வையாளர்களாக நியமித்தனர். கைதிகள் செங்கல் அறுத்தல், தச்சு வேலை, கொத்து வேலை போன்ற தொழில்களைக் கற்றனர். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானாவும் அவர்களுடைய உழைப்பால் எழுந்தவை. 1873ஆம் ஆண்டில் அந்தக் கைதிக் குடியிருப்பு மூடப்பட்டது. விடுதலை பெற்றவர்களில் பலர் இங்கேயே தங்கி, கற்ற தொழிலைக் கொண்டு பிழைத்தனர். பொறுப்பும் தொழிலும் கொடுத்தால் மனிதர் மாற முடியும் என்பதை அவர்களுடைய வாழ்க்கை காட்டியது.

ஆனால், நம்பிக்கை மட்டுமே போதாது என்பதைக் காட்டிய நிகழ்ச்சியும் உண்டு. 1960ஆம் ஆண்டில் புலாவ் செனாங் என்னும் தீவில் மதில்கள் இல்லாத குடியிருப்பு ஒன்று தொடங்கப்பட்டது. இரகசியக் கும்பல்களைச் சேர்ந்த தடுப்புக்காவல் கைதிகள் அங்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் சாலை அமைத்தார்கள், வீடுகள் கட்டினார்கள், பயிர் செய்தார்கள். உழைப்பு அவர்களைத் திருத்தும் என்று தீவின் கண்காணிப்பாளர் டேனியல் டட்டன் உறுதியாக நம்பினார். 1963ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி கைதிகள் கலவரத்தில் இறங்கினர். டட்டனும் அவருடன் பணியாற்றிய மூவரும் கொல்லப்பட்டனர். கட்டடங்கள் தீக்கிரையாயின. அந்த முயற்சி அத்துடன் முடிவுக்கு வந்தது.

முதல் பாடம் நம்பிக்கையின் ஆற்றலைக் கூறுகிறது. இரண்டாம் பாடம் விழிப்பின் தேவையைக் கூறுகிறது. ஒரு சிறை அதிகாரி இரண்டையும் மறக்கக்கூடாது.

'வாழ்க்கையின் மாலுமிகள்'

1990களின் இறுதியில் சிங்கப்பூர்ச் சிறைகளில் இடநெருக்கடி இருந்தது; பணியாளர்களும் போதவில்லை. விடுதலையானவர்களில் பலர் மீண்டும் மீண்டும் சிறைக்குத் திரும்பினர். 1998ஆம் ஆண்டில் விடுதலையானவர்களில் 44.4 விழுக்காட்டினர் இரண்டே ஆண்டுகளுக்குள் மறுபடியும் சிறைக்கு வந்தார்கள். அதாவது, பத்துப் பேரில் நால்வருக்கு மேல்!

பூட்டி வைப்பதுதான் நம் வேலையா என்ற கேள்வியைச் சிறைத்துறை தனக்குத்தானே கேட்டுக்கொண்டது. விவாதித்து ஒரு புதிய குறிக்கோளை வகுத்தது. கைதிகளின் வாழ்க்கைக் கப்பலை நல்வழியில் செலுத்த உதவும் மாலுமிகளாக அதிகாரிகள் விளங்க வேண்டும் என்பதே அது. அதன்பிறகு ஒவ்வொரு கைதியையும் தனிப்பட்ட முறையில் அறிந்து வழிகாட்டும் பொறுப்பு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் சிறைப்பள்ளி தொடங்கப்பட்டது. கைதிகள் அங்குப் படித்துப் பொதுக் கல்விச் சான்றிதழ்த் தேர்வுகளை எழுதுகிறார்கள். மற்றவர்கள் ரொட்டித் தயாரிப்பு, சலவை போன்ற தொழில்களில் பயிற்சி பெறுகிறார்கள்.

2004ஆம் ஆண்டில் மஞ்சள் ரிப்பன் திட்டம் தொடங்கப்பட்டது. அப்போதைய அதிபர் எஸ். ஆர். நாதன் அதனைத் தொடங்கி வைத்தார். விடுதலையானவருக்கு வெளியுலகில் இன்னொரு சிறை காத்திருக்கிறது என்று அத்திட்டம் எடுத்துரைத்தது. சமுதாயத்தின் சந்தேகப் பார்வையே அந்த இரண்டாவது சிறை. அதன் கதவைத் திறக்கும் சாவி அதிகாரியிடம் இல்லை. முதலாளிகளிடமும் குடும்பத்தாரிடமும் நம்மிடமும் இருக்கிறது.

இத்தகைய முயற்சிகள் பலன் தந்துள்ளன. அண்மை ஆண்டுகளில், இரண்டு ஆண்டுகளுக்குள் சிறைக்குத் திரும்புவோரின் விகிதம் ஏறத்தாழ 20 விழுக்காடாகக் குறைந்துள்ளது.

தகுதியும் பயிற்சியும்

சிறை அதிகாரியாக விரும்புபவர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். உடல்நலமும் உடலுறுதியும் தேவை. தொழில்நுட்பக் கல்விக் கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி, தொடக்கக் கல்லூரி ஆகியவற்றில் படித்தவர்களுக்கும் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கும் வாய்ப்புகள் உண்டு. கல்வித் தகுதிக்கேற்பத் தொடக்கப் பதவி அமையும். பட்டதாரிகள் பொதுவாக மூத்த அதிகாரிகளாகச் சேர்கிறார்கள். மற்றவர்களும் திறமையாலும் அனுபவத்தாலும் படிப்படியாக உயரலாம். ஆண்களுக்கான சிறைகளும் பெண்களுக்கான சிறையும் இருப்பதால் ஆண், பெண் இருபாலரும் தேவைப்படுகிறார்கள்.

புதிதாகச் சேர்பவர்கள் உடனே கைதிகளின் பொறுப்பை ஏற்பதில்லை. முதலில் அவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி அளிக்கப்படுகிறது. சிறைச்சட்டம், தற்காப்பு, கலவரத்தைக் கையாளுதல், முதலுதவி ஆகியவை அதில் அடங்கும். ஆனால், பயிற்சியில் மிகவும் கடினமானது பேசக் கற்றுக்கொள்வதுதான். கோபத்தில் கத்தும் ஒருவரை எப்படி அமைதிப்படுத்துவது? பேசவே மறுக்கும் ஒருவரை எப்படிப் பேச வைப்பது? கை ஓங்குவதற்கு முன்பே சண்டையை வாய்ச்சொல்லால் தடுப்பவரே திறமையான அதிகாரி.

இங்குப் பன்மொழித் திறனும் உதவுகிறது. வயதான தமிழ்க் கைதி ஒருவர் ஆங்கிலத்தில் தம் மனத்தைத் திறந்து பேசத் தயங்கலாம். "என்னங்க, இரவு சாப்பிடவில்லையா?" என்று அதிகாரி தமிழில் கேட்டால் அவருடைய தயக்கம் குறையக்கூடும்.

கத்திமேல் நடப்பது போன்ற பணி

ஒரு சூழலைக் கற்பனை செய்து பாருங்கள். நீங்கள் இளம் அதிகாரி. உங்கள் பொறுப்பில் உள்ள கைதி ஒருவர் எந்த வம்புக்கும் போகாதவர்; உங்களை மரியாதையாக 'சார்' என்று அழைப்பவர். ஒருநாள் அவர் கண்கலங்கி, "சார், எங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இந்தக் கடிதத்தை மட்டும் என் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். யாருக்கும் தெரிய வேண்டாம்," என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

இரக்கம் வாங்கச் சொல்லும். விதி வாங்கக்கூடாது என்று சொல்லும். கடிதத்தில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. ஒருமுறை இரகசியமாக உதவிவிட்டால், அடுத்த முறை, "போன தடவை செய்தீர்களே!" என்று அவர் உங்களை மிரட்டவும் முடியும். அந்த இரகசியம் உங்கள் கையைக் கட்டிப்போட்டுவிடும். அதற்காக, "முடியாது, போ!" என்று விரட்டிவிடுவதும் சரியன்று. உண்மையிலேயே அவருடைய தாயார் நோயுற்றிருந்தால், துன்பத்தில் இருக்கும் ஒருவரைத் தனியே தவிக்க விட்டவர் ஆவீர்கள்.

நல்ல அதிகாரி கடிதத்தை மறைவாக வாங்கமாட்டார். கைதியின் கவலையையும் ஒதுக்கமாட்டார். விதிப்படி தம்மால் அதைக் கொண்டுபோக முடியாது என்பதை அவரிடம் பொறுமையாக விளக்குவார். பிறகு, மேலதிகாரிக்குத் தெரிவித்து, முறையான வழியில் குடும்பத்தாருடன் தொடர்புகொள்ள ஏற்பாடு செய்ய முயல்வார். இதற்குச் சற்றுக் காலம் ஆகலாம். கைதி கோபப்படவும்கூடும். ஆனாலும், இந்த அதிகாரி சொன்னால் செய்வார், யாருக்காகவும் விதியை வளைக்கமாட்டார் என்ற மதிப்பு மெல்ல மெல்ல வளரும். சிறைக்குள் அந்த மதிப்பே அதிகாரிக்குப் பெரிய பாதுகாப்பு.

இப்பணியில் வேறு சவால்களும் உள்ளன. அதிகாரிகள் சில நேரங்களில் வசைமொழிகளைக் கேட்க நேரிடும், தாக்கப்படவும் கூடும். நாள்தோறும் துன்பக் கதைகளைக் கேட்பதால் மனம் சோர்ந்துபோகலாம். திருந்திவிட்டார் என்று நம்பிய ஒருவர் மீண்டும் போதைப்பொருள் குற்றத்துக்காகக் கைதாகி வரும்போது, உழைத்ததெல்லாம் வீணாயிற்றே என்று தோன்றும்.

இதைவிட வேறுபட்ட ஒரு சிரமமும் உண்டு. ஆசிரியரைத் தேடி முன்னாள் மாணவர்கள் வருகிறார்கள். மருத்துவரிடம் குணமடைந்தவர்கள் நன்றி சொல்கிறார்கள். சிறை அதிகாரியின் வெற்றியோ, ஒருவர் திரும்பி வராமல் இருப்பதில்தான் அடங்கியிருக்கிறது. அந்த மனிதர் எங்கோ வேலை செய்துகொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு அமைதியாக வாழ்வார். அதிகாரி அதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பார்க்காவிட்டாலும், அதற்காக உழைக்கும் மனம் வேண்டும்.

மாறிவரும் பணி

தொழில்நுட்பம் இப்பணியை மாற்றி வருகிறது. கைதிகளின் எண்ணிக்கையைச் சரிபார்ப்பது போன்ற வேலைகளில் முக அடையாளத் தொழில்நுட்பம் பயன்படுகிறது. கண்காணிப்புக் கேமராக்களும் உதவுகின்றன. இதனால் மிச்சமாகும் நேரத்தை அதிகாரிகள் கைதிகளுக்கு வழிகாட்டுவதில் செலவிடலாம். மேலும், தகுதியுள்ள கைதிகள் தண்டனையின் இறுதிப் பகுதியை மறுவாழ்வு இல்லத்திலோ, மின்னணுக் கண்காணிப்புக் கருவியை அணிந்துகொண்டு தம் வீட்டிலோ கழிக்கிறார்கள். பகலில் வேலைக்கும் செல்கிறார்கள். ஆகவே, அதிகாரியின் பணி இப்போது சிறை மதிலுடன் நின்றுவிடுவதில்லை. குடும்பங்களோடும் முதலாளிகளோடும் தொண்டூழியர்களோடும் சேர்ந்து அவர் செயல்பட வேண்டியிருக்கிறது.

நீங்கள் தகுந்தவரா?

சிறை அதிகாரிக்குத் தோள்வலிமை மட்டும் போதும் என்று இனி யாரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். பொறுமை, நேர்மை, கூர்ந்து கவனிக்கும் பழக்கம், பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் பண்பு ஆகியவையும் வேண்டும். 'இல்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் உறுதியாகச் சொல்லவும், அதையே மனம் நோகாமல் சொல்லவும் தெரிய வேண்டும். இவற்றைப் பள்ளியிலேயே பழகிக்கொள்ள முடியும். மாணவர் தலைவராக இருக்கும்போது நண்பனின் தவற்றை மூடிமறைக்காமல், அதே வேளையில் அவனைக் கைவிடாமல் இருந்திருக்கிறீர்களா? சீருடைக் குழுவில் யாரும் கவனிக்காத வேலையையும் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்களா? அப்படியானால் இப்பணிக்குரிய பண்புகளில் சில உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

நீங்கள் இப்பணியில் சேராவிட்டாலும் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். அதிகாரிகள் பல ஆண்டுகள் உழைத்து ஒருவரை வெளியே அனுப்பி வைக்கிறார்கள். அவருக்கு வேலை கொடுப்பதும், பக்கத்து வீட்டுக்காரராக ஏற்றுக்கொள்வதும் சமுதாயத்தின் கையில்தான் இருக்கின்றன.