ஹேர்பிஸ்: பெண்ணைக் குற்றம் சொல்வதற்கு முன்

நாரிப்பிடிப்பு, சலரோகம், பிறசர் என்று எந்த வருத்தத்தையும் எம்மவர்கள் கோயில் வீதியிலும் கலைவிழா மண்டபத்திலும் தாராளமாகக் கதைப்பார்கள். ஆனால் பிறப்புறுப்பில் வரும் ஒரு சிறு கொப்பளத்தைப் பற்றி ஒரு பெண் தன் கூடப்பிறந்த அக்காவிடம்கூட வாய் திறக்க மாட்டாள். வைத்தியரிடம் போகவும் தயக்கம். போனாலும் டொச் மொழி போதாது. மொழிபெயர்க்க வருபவர் கணவராக இருப்பார், அல்லது பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாக இருக்கும். அவர்களுக்கு முன்னால் எதைச் சொல்வது? இப்படியே வருத்தம் மறைக்கப்படுகிறது. சில வேளை அது வெளியே தெரியவந்தால், "இது எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி முதலில் அந்தப் பெண்ணை நோக்கியே வருகிறது.

இந்தக் கேள்விக்கு மருத்துவ ஆராய்ச்சி என்ன பதில் சொல்கிறது என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது. பல குடும்பங்களின் நிம்மதி அதில் தங்கியிருக்கிறது.

இரண்டு வகைக் கிருமி

ஹேர்பிஸ் என்பது ஒரு வைரஸ் கிருமி. கொப்பளிப்பானையும் அக்கியையும் உண்டாக்கும் கிருமி இதன் உறவினம். ஆனால் அது வேறு, இது வேறு. ஹேர்பிஸில் இரண்டு வகை உண்டு. முதலாவது வகை பெரும்பாலும் உதட்டில் புண்ணாக வருவது. சிறு வயதில் பெரியவர்கள் கொஞ்சி முத்தமிடும்போதே பலருக்கு இது தொற்றிவிடுகிறது. இரண்டாவது வகை தாம்பத்திய உறவின் மூலம் தொற்றிப் பிறப்புறுப்பில் வருவது. முதலாவது வகையும் வாயிலிருந்து பிறப்புறுப்புக்குத் தொற்றலாம் என்பதை மறக்கக் கூடாது.

உடலுக்குள் புகுந்த கிருமி நரம்புக் கணுக்களில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் சத்தமின்றிக் கிடக்கும். காய்ச்சல், களைப்பு, மனக்கவலை, மாதவிடாய் போன்ற வேளைகளில் மீண்டும் தலைகாட்டும். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் தலைகாட்டுவதேயில்லை. ஆனால் புண் இல்லாத வேளையிலும் கிருமி மற்றவருக்குத் தொற்றலாம்.

கணக்குகள் என்ன சொல்கின்றன?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயது வரையானவர்களில் சுமார் 52 கோடிப் பேரிடம் இரண்டாவது வகைக் கிருமி இருக்கிறது. அதாவது நூறு பேரில் 13 பேர். யேர்மனியில் றொபேர்ட் கொக் நிறுவனம் நடத்திய சுகாதார ஆய்வுகளில் பெரியவர்களின் இரத்தம் சோதிக்கப்பட்டது. 1998இல் நூறு பேரில் ஏறத்தாழ 13 பேரிடம் இந்தக் கிருமியின் அடையாளம் இருந்தது. 2008 - 2011 காலத்தில் அது 10 பேராகக் குறைந்திருந்தது. முதலாவது வகையோ நூறு பேரில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோரிடம் இருந்தது. எனவே இது எங்கோ ஒருவருக்கு வரும் அபூர்வ நோய் அல்ல. ட்ராமில் எமக்குப் பக்கத்தில் இருப்பவரிடமும் இருக்கும், எமது வீட்டிலும் இருக்கும்.

அமெரிக்காவில் 1988 - 1994 காலத்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 1997இல் வெளியானது. இரண்டாவது வகைக் கிருமி உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே தமக்கு அந்த நோய் வந்ததை அறிந்திருந்தார்கள் என்று அது காட்டியது. மற்றவர்கள் அறியாமலே இருந்தார்கள். அறியாமலே மற்றவருக்குக் கொடுக்கவும் கூடும்.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

அதே அமெரிக்க ஆய்வில் நூறு பெண்களில் ஏறத்தாழ 26 பேரிடமும் நூறு ஆண்களில் 18 பேரிடமும் கிருமி காணப்பட்டது. 2015 - 2016இல் 14 முதல் 49 வயதானவர்களிடம் கணக்கெடுத்தபோது தொகை குறைந்திருந்தது. ஆனால் பெண்களில் 16, ஆண்களில் 8 என்று வித்தியாசம் அப்படியே நின்றது. பெண்கள் ஒழுக்கம் குறைந்தவர்கள் என்பதா இதன் பொருள்? இல்லை. காரணங்கள் வேறு.

முதலாவது காரணம் உடலமைப்பு. பெண்ணின் பிறப்புறுப்பில் மென்மையான சவ்வுப் பகுதி பெரியது. ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றுவது, பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவதைவிட இலகு.

இரண்டாவது வயது. ஒருமுறை வந்த கிருமி உடலை விட்டுப் போவதில்லை. ஆகவே வயது கூடக்கூட கிருமி உள்ளவர்களின் தொகையும் கூடும்.

மூன்றாவது வறுமையும் கல்விக் குறைவும். ஆய்வுகளில் வசதி குறைந்தவர்களிடமும் குறைவாகப் படித்தவர்களிடமும் நோய் கூடுதலாகக் காணப்பட்டது. ஏழ்மை கிருமியை உண்டாக்குவதில்லை. வைத்தியரை நாடவும், கேள்வி கேட்கவும், தன் உடலைப் பற்றித் தானே தீர்மானிக்கவும் உள்ள வாய்ப்பை அது குறைத்துவிடுகிறது.

நான்காவது, ஒருவருக்கு வாழ்நாளில் எத்தனை துணைகள் என்பது. தொகை கூடினால் ஆபத்தும் கூடும். ஆனால் இங்கேதான் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். ஒரு பெண்ணுக்குத் தன் கணவர் ஒருவரே துணையாக இருந்தாலும், அந்தக் கணவரின் பழைய வாழ்க்கையும் அவளுடைய ஆபத்தில் சேர்ந்துவிடுகிறது. எத்தனையோ மனைவிமாருக்கு நோய் வந்த வழி திருமணம் ஒன்றுதான்.

எமது சூழ்நிலை

1983 யூலைக் கலவரத்துக்குப் பின்னர் யேர்மனிக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் இளம் ஆண்கள். கிழக்கு பேர்லின் ஊடாக வந்து ஹைம்களில் வருடக்கணக்கில் தனியே கிடந்தார்கள். வேலை அனுமதி இல்லை, வழக்கு முடியவில்லை, ஊருக்குப் போகவும் வழியில்லை. பல ஆண்டுகள் கழித்தே மணப்பெண் வந்து சேர்ந்தாள். சில குடும்பங்களில் கணவன் இங்கும் மனைவி ஊரிலுமாகப் பிரிந்திருந்தார்கள். இப்படிப்பட்ட பிரிவும் வயது வித்தியாசமும் உள்ள எந்தச் சமூகத்திலும் பாலியல் நோய்கள் சத்தமின்றி வீட்டுக்குள் வர வாய்ப்புண்டு. இது எந்த ஒருவரையும் சுட்டிக் கூறுவது அல்ல. அந்தக் கணவருக்கும் தன்னிடம் கிருமி இருப்பது தெரிந்திருக்காது என்பதே பெரும்பாலும் உண்மை.

ஹைமில் பொதுக் கழிப்பறையைப் பாவிப்பதால் வந்துவிட்டதோ என்று சிலர் பயப்படுகிறார்கள். கழிப்பறை இருக்கையாலோ, நீச்சல் தடாகத்தாலோ இது தொற்றுவதில்லை. தோலும் தோலும் நேரே படுவதாலேயே தொற்றுகிறது.

யார் தந்தது என்று இரத்தம் சொல்லாது

முதன்முறை தொற்றியவருக்கு 2 முதல் 12 நாட்களுக்குள் எரிவு, கொப்பளம், புண், காய்ச்சல், அரையில் நெறி கட்டுதல், சலம் போகும்போது கடும் வலி என்பன வரலாம். இதைச் சலக்கடுப்பு என்று எண்ணிக் கைமருந்து செய்பவர்களும் உண்டு. ஆனால் பலருக்கு முதல் தொற்று அடையாளமே இல்லாமல் கடந்துபோய், பல ஆண்டுகளின் பின்னர்தான் முதல் கொப்பளம் தெரியும். கொப்பளத்து நீரைப் பஞ்சுக்குச்சியால் எடுத்துச் சோதித்தால் அது ஹேர்பிஸா, எந்த வகை என்று தெரியும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பதை அந்தச் சோதனை சொல்லாது. இரத்தத்தைச் சோதித்தும் பொதுவாக அதைத் தீர்மானிக்க முடியாது. ஆகவே இன்று வந்த கொப்பளத்தை நேற்றைய துரோகத்துக்குச் சாட்சியாக வைத்துக் குடும்பத்தைப் பிரிப்பது அறிவீனம்.

கர்ப்பிணிகள் கட்டாயம் சொல்ல வேண்டும்

இந்த நோய் பெரும்பாலும் உயிராபத்து இல்லாதது. ஆபத்து உள்ள இடம் பேறுகாலம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஒரு பெண்ணுக்கு முதன்முறையாகக் கிருமி தொற்றினால், பிறக்கும்போது குழந்தைக்கும் தொற்றலாம். இது அரிது, உலக அளவில் ஏறத்தாழ 10,000 பிறப்புக்கு ஒன்று. ஆனால் வந்தால் குழந்தையின் மூளையையும் உயிரையும் பாதிக்கும். முன்பே நோய் இருந்த தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் கிடைப்பதால் அங்கே ஆபத்து மிகக் குறைவு.

யேர்மனியில் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகச் செய்யும் இரத்தப் பரிசோதனைகளில் ஹேர்பிஸ் சேர்க்கப்படவில்லை. நீங்கள் சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியும். உங்களுக்கோ கணவருக்கோ எப்போதாவது இது வந்திருந்தால் சொல்லுங்கள், முற்றர்பாஸில் எழுதிக்கொள்வார்கள். கடைசி வாரங்களில் அசிக்ளோவிர் மாத்திரை கொடுத்துக் கிருமியை அடக்கி வைக்கலாம். பேற்று வேளையில் புண் இருந்தால் சத்திரசிகிச்சை மூலம் குழந்தையை எடுப்பார்கள். கணவருக்கு நோய் இருந்து மனைவிக்கு இல்லையென்றால், கடைசி மூன்று மாதங்கள் உறவைத் தவிர்ப்பது நல்லது. பிறந்த பிள்ளையைப் பார்க்க வருபவர்களில் உதட்டுப் புண் உள்ளவர் எவரானாலும் பிள்ளையைக் கொஞ்ச விடாதீர்கள். மனவருத்தம் வந்தாலும் பரவாயில்லை.

எங்கே போகலாம்?

பெண்நோய் வைத்தியரிடம் போங்கள். பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்கலாம். வைத்தியர் உங்கள் அனுமதியின்றிக் கணவரிடம்கூட எதையும் சொல்லக் கூடாது. இரகசியம் காப்பது அவருக்குச் சட்டக் கடமை. ஹேர்பிஸ், நாடளாவிய சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலும் இல்லை. மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். நம்பிக்கையான ஒரு பெண்ணை அழைத்துச் செல்லுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் உங்கள் வருத்தத்தை ஒரு தாளில் டொச்சில் எழுதுவித்துக் கொண்டுபோங்கள்.

2001இல் நடைமுறைக்கு வந்த தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி, ஒவ்வொரு பகுதியின் சுகாதாரக் கந்தோரும் பாலியல் நோய்கள் பற்றிய ஆலோசனையும் பரிசோதனையும் வழங்க வேண்டும். பெயர் சொல்லாமலே போகலாம். எவற்றைச் சோதிப்பார்கள் என்பதை முதலே கேட்டுக்கொள்ளுங்கள். அகதி வழக்கு முடியாதவர்களும் பயப்படத் தேவையில்லை. 1993ஆம் ஆண்டின் அகதிகள் உதவிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, திடீர் நோய்க்கும் வலிக்கும் சிகிச்சை தருகிறது. கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வைத்தியரும் மருத்துவிச்சியும் கிடைக்க வழி செய்கிறது. பல இடங்களில் இதற்கு முதலில் சோசல் கந்தோரில் சிகிச்சைச் சீட்டு எடுக்க வேண்டியிருக்கும்.

உதட்டுப் புண்ணுக்கான அசிக்ளோவிர் களிம்பை மருந்துக்கடையில் சீட்டின்றியே வாங்கலாம். பிறப்புறுப்பு நோய்க்கு வைத்தியர் எழுதித் தரும் மாத்திரையே பொருத்தமானது. அது கிருமியை முற்றாக அழிக்காது. ஆனால் வலியையும் நாட்களையும் குறைக்கும், அடிக்கடி வருவதைத் தடுக்கும். ஆணுறை பாவித்தால் தொற்றும் ஆபத்துக் குறையும். புண் இருக்கும் நாட்களில் உறவைத் தவிர்க்க வேண்டும்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. மனைவிக்கு இந்த வருத்தம் வந்தால் விசாரணை நடத்தாதீர்கள். அவவோடு சேர்ந்து வைத்தியரிடம் போங்கள், நீங்களும் ஆலோசனை கேளுங்கள். அன்னிய நாட்டில் உற்றார் உறவினர் இன்றி வாழும் ஒரு பெண்ணுக்கு, வருத்தத்தைவிடப் பெரிய பாரம் பழி. வருத்தத்துக்கு மாத்திரை உண்டு. பழி வராமல் பார்ப்பது எங்கள் கைகளில்தான் இருக்கிறது.